ஓராண்டு, ஒரு நாடு: வேல்ஸ், 1917. யாரைச் சேர்ப்பது, யாரை விடுவது?

மைப்பேனா | மார்ச் 1, காலை 7:12

இந்த மாத இழையை நான் திறக்கிறேன். போன மாதம் அடிதடியில் முடிந்ததால், இந்த முறை நம்மில் யாருக்கும் ஒட்டும் உறவும் இல்லாத நாடாகப் பார்த்து எடுத்திருக்கிறேன்: வேல்ஸ். இன்று அவர்களுக்குப் புனித டேவிட் நாள் வேறு. ஆண்டு 1917.

விதி பழையதுதான். அந்த ஆண்டில் பிறந்தவர், அந்த ஆண்டில் மறைந்தவர். நாலு பேருக்குத் தெரிந்த ஆளாக இருக்க வேண்டும். வெறும் பெயரும் தேதியும் போட்டுவிட்டு ஓடக் கூடாது.

என் கைவசம் இருப்பது: பிறந்தவர்களில் ரக்பி ஆட்டக்காரர் ஹேடன் டானர் (ஜனவரி 9), அரசியல்வாதி லியோ ஆப்ஸ் (ஏப்ரல் 22). மறைந்தவர்களில் கவிஞர் எட்வர்ட் தாமஸ் (ஏப்ரல் 9, பிரான்சில் அராஸ் போர்முனை), கவிஞர் ஹெட் வின் (ஜூலை 31, பெல்ஜியத்தில் பில்க்கம் மேடு).

எட்வர்ட் தாமஸைச் சேர்ப்பதில் எனக்கே தயக்கம். பிறந்தது லண்டன், எழுதியது ஆங்கிலம். சேர்க்கலாமா? சொல்லுங்கள்.

கரிசல்காட்டான் | மார்ச் 1, காலை 8:03

ஒட்டும் உறவும் இல்லாத நாடுன்னு சொல்லிட்டு முதல் போஸ்ட்லயே பஞ்சாயத்தைக் கூட்டிட்டீங்களே அண்ணாச்சி. லண்டன்ல பிறந்தவர் எப்படி வேல்ஸ்காரர் ஆவார்? பிறந்த மண்ணுதான் கணக்கு. என் ஓட்டு: தூக்குங்க.

தேமாங்காய் | மார்ச் 1, காலை 9:41

முதலில் ஒரு திருத்தம். ஹெட் வின் இல்லை, ஹேத் வின். வெல்ஷில் இரண்டு 'டி' சேர்ந்து வந்தால் நம் 'அது' என்ற சொல்லில் வரும் 'து'வின் மெய்யொலி. ஆங்கிலப் பத்திரிகைக்காரர்கள் தடுமாறும் இடம், நமக்குத் தண்ணீர் பட்ட பாடு. அதே கணக்கில் அவர்களுடைய கவிதைத் திருவிழா 'ஐஸ்தெத்வோட்'. ஒற்றை 'எஃப்' அங்கே 'வ'.

ஹேத் வின் இயற்பெயர் அல்ல. எல்லிஸ் ஹம்ஃப்ரி எவன்ஸ் என்பதுதான் பெற்றவர்கள் வைத்தது. 'ஹேத்' என்றால் அமைதி. 'வின்' என்றால் வெண்மை, தூய்மை. 1910ல் ப்ரிவ்டிர் என்ற கவிஞர் சூட்டிய பெயர் அது. மெரியோனித் பள்ளத்தாக்கின் மூடுபனியைப் பிளந்துகொண்டு வரும் வெயிலைப் பார்த்து வைத்தது என்பார்கள். 'வெள்ளமைதி' என்று பெயர் வாங்கியவர் ஏழே வருடத்தில் ராணுவ உடையில் செத்தார்.

ட்ரௌஸ்வனித் என்ற மலையூர்ப் பக்கம், 'அர் அஸ்கூர்ன்' என்ற பண்ணை வீடு. 11 பிள்ளைகளில் மூத்தவர். 14 வயதில் பள்ளியை விட்டு ஆடு மேய்க்கப் போனவர். மேய்ப்பில் நாட்டம் இல்லை, ஆடுகள் ஒரு பக்கம் போகும், இவர் ஒரு பக்கம் முணுமுணுத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார் என்று ஊரில் பேச்சு.

வானொலிப்பிரியன் | மார்ச் 1, காலை 10:15

ஐயா, ஆடு மேய்த்தவருக்கு இவ்வளவு பேர் எப்படி? ஒரு கவிதைப் போட்டியில் ஜெயித்தார், அதற்குள் இறந்துவிட்டார் என்ற அளவில்தான் எனக்குத் தெரியும்.

தேமாங்காய் | மார்ச் 1, காலை 11:30

அந்த 'அதற்குள்'தான் முழுக்கதையும். சாவகாசமாகச் சொல்கிறேன்.

தேசிய ஐஸ்தெத்வோட்டில் இரண்டு பெரிய பரிசுகள். கட்டற்ற யாப்பில் எழுதினால் கிரீடம். மரபு யாப்பில் 'ஔட்ல்' என்ற நெடும்பா எழுதினால் நாற்காலி. நிஜ நாற்காலி, ஒவ்வோர் ஆண்டும் புதிதாகச் செதுக்குவார்கள். எல்லோரும் புனைபெயரில்தான் அனுப்ப வேண்டும். நடுவர் தீர்ப்பு வாசித்து முடித்ததும் மேடையிலிருந்து புனைபெயரைக் கூப்பிடுவார்கள், கூட்டத்துக்குள் எங்கோ இருக்கும் ஆள் எழுந்து நிற்பார். அதுவரை யார் என்று கூட்டத்துக்குத் தெரியாது.

மரபு யாப்பு என்றேனே, அதன் உயிர் 'கங்ஹானெத்'. நமக்கு மோனை என்றால் முதலெழுத்து, எதுகை என்றால் இரண்டாம் எழுத்து, அத்தோடு விட்டார்கள். இவர்களின் கங்ஹானெத்தில் ஒரு வகை இருக்கிறது: வரியின் முதல் பாதியில் வந்த மெய்யெழுத்துகள் எல்லாம் அதே வரிசையில் இரண்டாம் பாதியிலும் வர வேண்டும், உயிரெழுத்துகள் மாறலாம். ஒரு வரிக்கு அல்ல, நூற்றுக்கணக்கான வரிகளுக்கு. வெண்பாவுக்கே விழி பிதுங்கும் நாம் இதில் வாயைத் திறக்கக் கூடாது.

இவர் 1907ல் பாலா ஊரில் முதல் நாற்காலி வாங்கியவர். உள்ளூர் விழாக்களில் அப்புறமும் சில வாங்கினார். 1916ல் அபெரிஸ்ட்வித் தேசிய விழாவில் இரண்டாம் இடம். 1917க்கு விட்டேனா பார் என்று உட்கார்ந்தார். கொடுத்த தலைப்பு 'நாயகன்'.

கார்டிஃப் நிலா | மார்ச் 1, மாலை 4:22

நான் இஞ்ச வந்து பதினாறு வருசம். ஒட்டும் உறவும் இல்லாத நாடு எண்டு எழுதினதை நான் கண்டும் காணாத மாதிரி விடுறன், மைப்பேனா.

போன கோடையில பிள்ளையளோட அந்தப் பண்ணை வீட்டுக்குப் போனனான். தெற்கில இருந்து போறதெண்டால் அரை நாள் ஓட்டம், வளைஞ்சு வளைஞ்சு மலை றோட்டு. 2012ல தேசியப் பூங்காக்காரர் வாங்கிப் பழசு கெடாமல் திருத்தி வச்சிருக்கினம். அதுக்கு முதல் கவிஞரின்ரை தங்கச்சி மகன்தான் அங்கயே இருந்து, ஆர் வந்து கதவு தட்டினாலும் திறந்து காட்டினவராம். "கதவைத் திறந்து வை" எண்டு அம்மம்மா கேட்டதுக்காகச் செய்தது எண்டு சொல்லுவினம்.

அந்த நாற்காலியைப் பாத்தால் அப்பிடியே நிண்டிடுவியள். உயரம், கறுத்த ஓக் மரம், முழுக்கச் செதுக்கு வேலை: பறவைநாகம், கெல்டிக் பின்னல், சிலுவை. செய்தவர் வெல்ஷ்காரர் இல்லை. யூஜீன் வான்ஃப்ளெட்டரன் எண்டு பெல்ஜியத்து மெக்கலன் ஊர்த் தச்சர். ஜேர்மன் படை வர ஓடிவந்து பர்க்கன்ஹெட்டில அகதியா இருந்தவர். யோசிச்சுப் பாருங்கோ. பெல்ஜியத்தில இருந்து தப்பி வந்த ஒருத்தர் இஞ்ச நாற்காலி செதுக்குறார். அதில இருக்க வேண்டியவர் பெல்ஜியத்துக்குப் போய்ச் சாகிறார். எனக்கு அதுக்கு மேல ஒண்டும் வாசிக்கேலாமல் போச்சு. நானும் அகதியா வந்த ஆள்தானே.

மைப்பேனா | மார்ச் 1, மாலை 6:05

நிலாக்கா, மன்னிக்க வேண்டும். முதல் வரியைத் திருத்திவிடட்டுமா?

கார்டிஃப் நிலா | மார்ச் 1, மாலை 6:20

வேண்டாம், கிடக்கட்டும். கரிசலுக்கு உதவும்.

கரிசல்காட்டான் | மார்ச் 1, இரவு 9:48

என்னை எதுக்கு இழுக்கீய. சரி, ஒரு கேள்வி. ஆட்டுக்காரர் பட்டாளத்துக்கு ஏன் போனார்? விவசாயம் பாக்கிறவங்களுக்கு விலக்கு இருந்துச்சுல்லா?

தேமாங்காய் | மார்ச் 2, காலை 6:55

இருந்தது, ஆனால் ஒரு பண்ணையில் எத்தனை ஆண்பிள்ளைகள் தேவை என்று கணக்குப் போட்டார்கள். ஒருவர் போயாக வேண்டிய நிலை. தம்பி பாப்புக்குப் பதில் இவர் போனார். லிவர்பூல் பக்கம் லிதர்லேண்டில் பயிற்சி. 1917 மார்ச்சில் உழவு வேலைக்கென்று ஏழு வாரம் வீட்டுக்கு விட்டார்கள். இவர் அந்த ஏழு வாரத்தில் உழவைவிட 'நாயகன்' மீதுதான் அதிகம் பாடுபட்டார். கெடு தாண்டியும் திரும்பவில்லை. கடைசியில் ராணுவப் போலீஸ் வைக்கோல் வயலுக்கே வந்து கூட்டிக்கொண்டு போனது.

அந்த அவசரத்தில் கவிதைத் தாள்களை வீட்டிலேயே விட்டுவிட்டார். நினைவிலிருந்து திரும்ப எழுதினார். மெய்யெழுத்து வரிசை தப்பக் கூடாத கவிதையை நினைவிலிருந்து! ஒருவேளை அந்தக் கட்டுக்கோப்பு இருந்ததால்தான் முடிந்ததோ என்னவோ. நம் பழைய பாட்டுகள் எதுகை மோனையைப் பிடித்துக்கொண்டு வாய்வழி நின்ற மாதிரி. ஜூலை நடுவில் பிரான்சிலிருந்து தபாலில் சேர்த்தார், 'ஃப்ளோர் த லீ' என்ற புனைபெயரில். அதே சமயத்தில் அவர் படைப்பிரிவு, ராயல் வெல்ஷ் ஃப்யூசிலியர்ஸ் 15ஆம் பட்டாளம், பெல்ஜியத்தின் ஈப்ர் நகரை நோக்கி நடக்க ஆரம்பித்தது.

ஜூலை 31 விடியற்காலை, பின்னால் பாஷன்டேல் என்று பெயர் வாங்கிய பெரும்போரின் முதல் நாள். குண்டின் உலோகத் துண்டு வயிற்றில் பாய்ந்தது. சிகிச்சை முகாமுக்குத் தூக்கிக்கொண்டு போனார்கள், நண்பகலுக்குள் முடிந்துவிட்டது. வயது 30.

விழா செப்டம்பர் 6. பிரதமர் லாயிட் ஜார்ஜும் வந்திருந்தார். நடுவர் க்வின் ஜோன்ஸ் தீர்ப்பு வாசித்தார். தாரை ஊதி 'ஃப்ளோர் த லீ' என்று கூப்பிட்டார்கள். யாரும் எழவில்லை. திரும்பக் கூப்பிட்டார்கள். எழவில்லை. அதன் பிறகுதான் மேடைத் தலைவர் விஷயத்தைச் சொன்னார், ஆள் ஐந்து வாரத்துக்கு முன்பே போய்விட்டார் என்று. காலியாக இருந்த நாற்காலி மேல் கறுப்புத் துணி போர்த்தினார்கள். 'கறுப்பு நாற்காலி' என்ற பெயர் அப்படி வந்தது. ரயிலில் ஏற்றி, பிறகு வண்டியில் வைத்து வீட்டுக்குக் கொண்டுபோனார்கள்.

வானொலிப்பிரியன் | மார்ச் 2, காலை 8:30

படித்துவிட்டுக் கொஞ்ச நேரம் எதுவும் ஓடவில்லை.

ஒரு சந்தேகம். கல்லறையில் எந்தப் பெயர் இருக்கிறது? எல்லிஸ் எவன்ஸா, ஹேத் வின்னா?

ஒன்பதாம் நம்பர் | மார்ச் 2, காலை 10:02

கவிஞர்களே, கொஞ்சம் வழி விடுங்க. பிறந்தவங்க பக்கம் யாருமே போகலையே.

ஹேடன் டானர். பென்க்ளௌத் ஊர்க்காரர், ரக்பியில் என் நம்பர், முன்வரிசைகிட்டருந்து பந்தை எடுத்து வீசுற ஸ்க்ரம் ஹாஃப். 1935 செப்டம்பரில் நியூசிலாந்து அணி ஸ்வான்சீ கிளப்போட ஆட வந்தது. ஸ்வான்சீ பக்கம் ஸ்க்ரம் ஹாஃபும் அவர்கிட்டப் பந்தை வாங்குற ஃப்ளை ஹாஃபும் யாருன்னா, கவர்ட்டன் பள்ளிக்கூடத்துப் பசங்க ரெண்டு பேர். டானரும் அவரோட உறவுக்காரப் பையன் வில்லி டேவிஸும். 11-3ன்னு ஸ்வான்சீ ஜெயிச்சது. பள்ளிக்கூடப் பசங்ககிட்டத் தோத்தோம்னு எங்க ஊர்ல மட்டும் சொல்லிடாதீங்கன்னு நியூசிலாந்து கேப்டன் கெஞ்சினதா ஒரு கதை இன்னைக்கும் ஓடுது. அதே டிசம்பர்ல டானர் வேல்ஸுக்கு முதல் ஆட்டம், அதுவும் நியூசிலாந்தோட, 13-12 வெற்றி. 1949 வரைக்கும் ஆடி எடுத்த சர்வதேச ஆட்டம் மொத்தம் 25தான். 14 வருஷத்துக்கு 25ஆன்னு கேப்பீங்க. நடுவுல ஆறேழு வருஷத்தை இரண்டாம் உலகப் போர் தின்னுடுச்சு.

மறைந்தவர்கள் பட்டியல்லயும் ஒருத்தரைச் சேருங்க. டாய் வெஸ்ட்டகாட், கார்டிஃப் துறைமுகத் தொழிலாளி. 1906ல் அயர்லாந்தோட வேல்ஸுக்காக ஒரே ஒரு ஆட்டம். 1917 ஆகஸ்ட் 28 அன்னைக்கு ஈப்ர் பக்கத்துல செத்தார். அவருக்குக் கல்லறையே கிடையாது, டைன் காட் நினைவுச் சுவர்ல பேர் மட்டும் இருக்கு. இவருக்கு நாற்காலியும் இல்லை, பாட்டும் இல்லை. நாலு பேருக்குத் தெரிஞ்ச ஆள்னு விதி வெச்சிருக்கீங்க. ஒரே ஆட்டம் ஆடினவர் அதுல வருவாரா?

மைப்பேனா | மார்ச் 2, காலை 10:40

வருவார். வேல்ஸ் அணியின் சிவப்புச் சட்டை ஒரு தரம் போட்டாலும் போட்டதுதான். சேர்த்துவிட்டேன்.

ஆப்ஸ் பற்றி நான் இரண்டு வரி. கார்டிஃப் யூதக் குடும்பம், வழக்கறிஞர், 1958 முதல் 1987 வரை நாடாளுமன்றத்தில். கவிஞர் டேனி ஆப்ஸின் அண்ணன். வரவுசெலவுத் திட்ட நாளன்று விதவிதமாக உடுத்திக்கொண்டு வந்து பத்திரிகைகளுக்குத் தீனி போட்டவர். ஆனால் அவர் பெயர் நிற்பது 1967 சட்டத்தால். அதுவரை இங்கிலாந்திலும் வேல்ஸிலும் ஆணும் ஆணும் தனிமையில் சேர்ந்திருந்தால்கூட ஜெயில். 21 வயது தாண்டியவர்களுக்கு அதை நீக்கிய மசோதாவை மக்களவையில் தோளில் சுமந்தவர் இவர். மணவிலக்குச் சட்டத் திருத்தத்திலும் இவர் உழைப்பு உண்டு.

கரிசல்காட்டான் | மார்ச் 2, மதியம் 1:17

பாத்தீயளா, இவருக்கு யாரும் வழக்குப் போடலை. கார்டிஃப்ல பிறந்தார், வேல்ஸ்காரர், முடிஞ்சுது. எட்வர்ட் தாமஸுக்கும் அதே தராசுதான் பிடிக்கணும். லண்டன், லண்டன்தான்.

கார்டிஃப் நிலா | மார்ச் 2, மாலை 5:33

கரிசல், அதே ஆப்ஸ்தான் 1979 மார்ச் 1 வாக்கெடுப்பில வேல்ஸுக்குத் தனிச் சபை வேண்டாம் எண்டு முன்னுக்கு நிண்டு பிரச்சாரம் செய்தவர். வெல்ஷ் பேசுறவை ஒரு சின்னக் கூட்டமா மற்றவையை ஆளப் பாப்பினம் எண்டது அவற்றை பயம். இஞ்ச சில பேர் இண்டைக்கும் அவரை மன்னிக்கேல்லை. மண்ணில பிறந்தால் போதும் எண்டுறியள். அந்த மண்ணிலயே எல்லாரும் அப்பிடி நினைக்கேல்லை.

இன்னொண்டு. தேமாங்காய் ஐயா விழா நடந்த ஊரைச் சொல்லாமல் விட்டிட்டார். பர்க்கன்ஹெட். அது வேல்ஸ் இல்லை, இங்கிலாந்து! லிவர்பூலுக்கு ஆத்துக்கு அந்தப் பக்கம். மேடையில இருந்த லாயிட் ஜார்ஜ் பிறந்தது எங்க தெரியுமோ? மான்செஸ்டரில.

கரிசல்காட்டான் | மார்ச் 2, மாலை 5:50

என்னது, லாயிட் ஜார்ஜ் மான்செஸ்டரா?

தேமாங்காய் | மார்ச் 2, இரவு 8:14

ஆமாம், 1863ல். தாய்மொழி வெல்ஷ், வளர்ந்தது தாய்மாமன் வீட்டில், வேல்ஸில். வெல்ஷ் தேசியக் கட்சியைத் தொடங்கியவர்களில் ஒருவரான சாண்டர்ஸ் லூயிஸ் பிறந்தது வாலசீ, அதே பர்க்கன்ஹெட்டுக்குப் பக்கத்து ஊர். மண் தராசைப் பிடித்தால் இருவரும் வெளியே. அதே தராசில் பெர்ட்ரண்ட் ரஸ்ஸலும் 'அரேபிய' லாரன்ஸும் வேல்ஸ்காரர்கள் ஆகிவிடுவார்கள், இருவரும் பிறந்தது அங்கேதான். கரிசல் தம்பி, தராசைக் கொஞ்சம் சரிபார்க்கவும்.

மொழித் தராசும் முழுக்க உதவாது. அதைப் பிடித்தால் வெல்ஷில் எழுதாத டிலன் தாமஸையே வெளியே தள்ள வேண்டிவரும். யாருக்கு மனசு வரும்?

எட்வர்ட் தாமஸுக்கு வருவோம். பெற்றோர் இருவருக்கும் பூர்வீகம் வேல்ஸ். ஆக்ஸ்ஃபோர்டில் இவருக்கு ஆசிரியர் ஓ. எம். எட்வர்ட்ஸ், வெல்ஷ் மொழிக்காக வாழ்நாள் முழுக்க இதழ் நடத்தியவர். நெருங்கிய நண்பர் க்விலி, வெல்ஷ் கவிஞர். பிள்ளைக்கு மெர்வின் என்று பெயர் வைத்தார். 1905ல் வேல்ஸ் பற்றி ஒரு புத்தகமே எழுதினார். ஆனால் கவிதைகள் என்று பார்த்தால் தெற்கு இங்கிலாந்தின் வயல், வேலி, மழை.

வானொலிப்பிரியன் | மார்ச் 3, காலை 7:20

நம் சிபிஎஸ்இ பிள்ளைகள் ஒன்பதாம் வகுப்பில் படித்த அந்த இரண்டு பாதைக் கவிதை, ராபர்ட் ஃப்ராஸ்ட் எழுதியது, இந்த எட்வர்ட் தாமஸை வைத்து எழுதியதுதானே? என் மகள் மனப்பாடம் செய்ததில் எனக்கும் பாதி வரும்.

மைப்பேனா | மார்ச் 3, காலை 9:05

அவரேதான். இருவரும் சேர்ந்து நடை போவார்கள். எந்தப் பாதையில் போனாலும், அந்தப் பாதையில் போயிருக்கலாமே என்று தாமஸ் அங்கலாய்ப்பார். அதைக் கேலி செய்து ஃப்ராஸ்ட் எழுதினார். வாழ்க்கைத் தத்துவம் என்று நாம் சுவரொட்டி அடித்து ஒட்டுவது ஒரு நண்பனின் கிண்டல். தாமஸ் அதைக் கிண்டலாக எடுத்துக்கொள்ளவில்லை என்பது வேறு கதை.

1915 ஜூலையில் பட்டாளத்தில் சேர்ந்தார். அப்போது கட்டாயச் சேர்ப்பு வரவில்லை. வயது 37, மனைவி, மூன்று பிள்ளைகள். யாரும் கேட்டிருக்க மாட்டார்கள். அதுவரை வயிற்றுப்பாட்டுக்கு மதிப்புரையும் புத்தகமுமாக எழுதிக் குவித்தவர், 1914 கடைசியில்தான் கவிதைக்கு வந்தார். கைக்குக் கிடைத்தது இரண்டே வருடம்! அதற்குள் நூற்று நாற்பதுக்கு மேல் எழுதினார். இவருக்கும் புனைபெயர்தான், எட்வர்ட் ஈஸ்ட்டவே. பீரங்கிப் படையில் அதிகாரியாகப் பிரான்ஸ் போய் மூன்றே மாதத்துக்குள், அராஸ் போர் தொடங்கிய அன்று செத்தார். குண்டு கிளப்பிய காற்றில் மூச்சு நின்றது, மேலே ஒரு கீறல் இல்லை என்றுதான் வெகுகாலம் நம்பினார்கள். அவருடைய மேலதிகாரி பிற்பாடு எழுதிய ஒரு கடிதம் கிடைத்தது. நெஞ்சைத் துளைத்துவிட்டதாம். மனைவியின் மனம் நோகக் கூடாதென்று அப்படிச் சொல்லியிருப்பார்கள்.

ஒருவர் போகத் தேவையில்லாமல் போனார், இன்னொருவர் போக விருப்பமில்லாமல் போனார். இப்போது எனக்கு இருவரையும் ஒரே பட்டியலில் பார்க்கத்தான் பிடித்திருக்கிறது.

கரிசல்காட்டான் | மார்ச் 3, காலை 9:58

லாயிட் ஜார்ஜைக் காட்டி மடக்கிட்டீய. சரி, சேருங்க. ஆனா பேருக்குப் பக்கத்துல 'லண்டனில் பிறந்தவர்'னு போடணும். அதுலருந்து இறங்க மாட்டேன்.

மைப்பேனா | மார்ச் 3, காலை 10:10

போட்டாச்சு.

கார்டிஃப் நிலா | மார்ச் 3, மாலை 7:45

கல்லறையைப் பற்றி வானொலி கேட்டவர், ஒருத்தரும் பதில் சொல்லேல்லை. பெல்ஜியத்துக்கு ஒருக்கா பஸ் பிடிச்சுப் போனனாங்கள், அப்ப பாத்தது.

ஆர்டிலரி வுட் எண்ட இடம், பூசிங்க ஊரில. எல்லாக் கல்லும் ஒரே அளவு, ஒரே வெள்ளை, தேடித்தான் பிடிக்க வேணும். கல்லில ராணுவம் குடுத்த பேர் 'ஈ. எச். எவன்ஸ்'. அடியில வெல்ஷில 'அ ப்ரிவார்த் ஹேத் வின்'. ப்ரிவார்த் எண்டால் தலைமைக் கவி, நாற்காலி வெண்டவருக்குச் சொல்லுறது. உயிரோட இருக்கேக்க ஒருத்தரும் அவரை அப்பிடிக் கூப்பிடேல்லை.

அதே மயானத்தில இன்னொரு கவிஞர் கிடக்கிறார், அயர்லாந்துக்காரர், ஃப்ரான்சிஸ் லெட்விட்ஜ். அவரும் அதே ஜூலை 31தான். றோட்டுப் போடுற வேலைக்கு நடுவில தேத்தண்ணி குடிச்சுக்கொண்டு நிக்கேக்க குண்டு விழுந்தது. பிறந்த வருசமும் ரெண்டு பேருக்கும் ஒண்டு, 1887.

கரிசல்காட்டான் | மார்ச் 3, இரவு 8:01

அப்போ அடுத்த மாசம் 1887 போடுங்க அண்ணாச்சி. வேல்ஸும் அயர்லாந்தும் சேத்து.

மைப்பேனா | மார்ச் 3, இரவு 8:30

ஒரு நாடுதான் விதி.

கரிசல்காட்டான் | மார்ச் 3, இரவு 8:32

விதியைத்தான் மூணு நாளா உடைச்சுக்கிட்டிருக்கோம்.